விடை வேண்டாம்... தகவல் போதுமானு மட்டும் சொல்லுங்க! - எம்.பி.ஏ நுழைவுத் தேர்வின் ‘டேட்டா சஃபிஷியன்சி’ கணக்கை மாட்டுத்தாவணியில் இருந்தே கத்துக்கலாம்

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு. திருச்சி பஸ்கள் நிற்கும் பக்கம் போய், படிக்கட்டு ஓரமாக நிற்கும் கண்டக்டரிடம் கேட்கிறீர்கள்.

“அண்ணே, எப்ப எடுப்பீங்க?”

“ஏறி உக்காருங்க தம்பி, இப்ப எடுத்துரலாம்.”

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்குத் திருச்சி போய்ச் சேருவீர்கள் என்று அங்கே காத்திருக்கும் நண்பனுக்கு மெசேஜ் போட முடியுமா? முடியாது. பக்கத்து சீட் பெரியவர், “இது நாலரை வண்டிப்பா” என்கிறார். இப்போது கிளம்பும் நேரம் தெரிந்துவிட்டது. ஆனால், வழியில் எவ்வளவு நேரம் ஆகும்? அதையும் யாராவது சொன்னால்தான் மெசேஜ் போகும்.

கவனித்தீர்களா... இதுவரை நீங்கள் ஒரு கூட்டல்கூட போடவில்லை. ‘கையில இருக்கிற தகவல் போதுமா, இன்னும் ஒண்ணு கேட்கணுமா?’ என்று மட்டும்தான் யோசித்தீர்கள். எம்.பி.ஏ நுழைவுத் தேர்வு எழுதும் பலரை மிரள வைக்கும் ‘டேட்டா சஃபிஷியன்சி’ கேள்வியும் இவ்வளவுதான் கேட்கிறது.

எந்தெந்தத் தேர்வில் வரும்?

நம் ஊர் மாணவர்களுக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது டான்செட். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் இந்தத் தேர்வுக்கு மதுரையிலும் மையம் உண்டு. எம்.பி.ஏ தாளுக்கான பாடத்திட்டத்தில் ஐந்து விஷயங்களைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். பிசினஸ் சூழலைப் படித்து முடிவெடுப்பது, பத்தியைப் படித்துப் பதில் சொல்வது, கணக்கு, எழுத்து ஆங்கிலம் ஆகியவற்றோடு இந்த டேட்டா சஃபிஷியன்சியும் ஒன்று.

வெளிநாட்டு பிசினஸ் ஸ்கூல்களும், ஐ.ஐ.எம்-களின் சில ஒரு வருட எம்.பி.ஏ படிப்புகளும் ஏற்றுக்கொள்ளும் ஜிமேட் தேர்வில் இது ரொம்ப நாளாக இருக்கிறது. 2023 நவம்பரில் ஜிமேட்டைப் புதுப்பித்தபோது, இந்தக் கேள்விகளைக் கணக்குப் பகுதியில் இருந்து தூக்கி, ‘டேட்டா இன்சைட்ஸ்’ என்ற பகுதிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே 45 நிமிடத்தில் 20 கேள்விகள். அதில் டேட்டா சஃபிஷியன்சி ஒரு வகை.

மேட் தேர்வில் இதன் பெயரிலேயே ஒரு பகுதி இருக்கிறது. கேட் தேர்வின் பழைய வினாத்தாள்களிலும், வங்கித் தேர்வுகளின் ரீசனிங் பகுதியிலும்கூட பார்க்கலாம். எம்.பி.ஏ எண்ணம் இல்லாமல் பேங்க் எக்ஸாமுக்குப் படிப்பவர்களும் தாண்டிப் போகாமல் படிக்கலாம்.

கேள்வி எப்படி இருக்கும்?

ஒரு கேள்வி. அதன் கீழே இரண்டு கூற்றுகள். ஐந்து விடைகள். அந்த ஐந்தும் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஏ - கூற்று 1 மட்டும் போதும். 2 மட்டும் போதாது.
பி - கூற்று 2 மட்டும் போதும். 1 மட்டும் போதாது.
சி - தனித்தனியாகப் போதாது. இரண்டும் சேர்ந்தால் போதும்.
டி - இரண்டில் எது ஒன்று இருந்தாலும் போதும்.
இ - இரண்டும் சேர்ந்தாலும் போதாது.

இது ஜிமேட் வரிசை. தேர்வுக்குத் தேர்வு வரிசை மாறலாம். உங்கள் தேர்வின் வரிசையை மனப்பாடமாக வைத்திருங்கள். ஹாலில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கணக்கு சரியாக வந்தும், வரிசை தெரியாமல் மார்க்கை விடுவது கொடுமை.

இப்போது மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கணக்கு பார்ப்போம்.

கேள்வி: ஒரு வியாபாரி இன்று மல்லிகையும் முல்லையும் விற்றார். மல்லிகை எத்தனை கிலோ?
கூற்று 1: இரண்டும் சேர்த்து 20 கிலோ விற்றார்.
கூற்று 2: முல்லையைவிட மல்லிகை 4 கிலோ அதிகம் விற்றது.

முதல் கூற்று மட்டும் இருந்தால்? மல்லிகை 10 ஆகவும் இருக்கலாம், 15 ஆகவும் இருக்கலாம். போதாது. இரண்டாவது மட்டும் இருந்தால்? 5-க்கு 1 ஆக இருக்கலாம், 50-க்கு 46 ஆகவும் இருக்கலாம். போதாது. இரண்டையும் சேர்த்தால் கூட்டுத்தொகையும் தெரியும், வித்தியாசமும் தெரியும். ஒரே ஒரு விடைதான் வரும். விடை: சி.

மல்லிகை 12 கிலோ, முல்லை 8 கிலோ என்று உங்கள் மனசு இதற்குள் கணக்குப் போட்டிருக்குமே? அதைத்தான் நிறுத்த வேண்டும். அந்த 12-ஐ யாரும் கேட்கவில்லை.

நிறுத்துவதுதான் கஷ்டம்

இந்தக் கேள்விகளுக்குத் தேவைப்படும் கணக்கு பெரும்பாலும் பத்தாம் வகுப்பு லெவலைத் தாண்டாது. சதவிகிதம், விகிதம், சராசரி, சமன்பாடு, எண்களின் பண்புகள். பிறகு ஏன் தடுமாறுகிறோம்? பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடமாக நமக்கு வந்தது ‘விடை காண்க’ என்ற கட்டளை. ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் மார்க். பாதியில் விட்டால் அது குற்றம். அந்தப் பழக்கத்தோடு வந்து உட்காருகிறவரிடம், ‘விடை வரும்னு தெரிஞ்சதும் பேனாவைக் கீழ வை’ என்கிறது இந்தத் தேர்வு.

கையை நிறுத்தாவிட்டால் என்ன ஆகும்? டான்செட் எம்.பி.ஏ தாளில் 100 கேள்விகள், 120 நிமிடங்கள். ஒரு கேள்விக்கு 72 விநாடி. 20 டேட்டா சஃபிஷியன்சி கேள்விகளில், தலா 20 விநாடியைத் தேவையில்லாத கடைசி ஸ்டெப்புக்குச் செலவு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 400 விநாடி. ஐந்து கேள்விகளுக்கான நேரம் அது. கடைசியில் படிக்காமலேயே விட்டுவிட்டு வரும் ஐந்து கேள்விகள், உங்களுக்குத் தெரிந்த ஐந்தாகவும் இருக்கலாம்.

ஒரு கையால் மறையுங்கள்

வேலையை எளிதாக்க ஒரு வழி இருக்கிறது. முதலில் கூற்று 2-ஐக் கையால் மறைத்துவிட்டு, கூற்று 1-ஐ மட்டும் படியுங்கள்.

கூற்று 1 போதும் என்றால், விடை ஏ அல்லது டி. மற்ற மூன்றையும் அடித்துவிடலாம்.
கூற்று 1 போதாது என்றால், விடை பி, சி, இ ஆகிய மூன்றில் ஒன்று.

அடுத்து கூற்று 1-ஐ மறைத்துவிட்டு, அதைப் படிக்கவே இல்லை என்ற நினைப்பில் கூற்று 2-ஐப் பாருங்கள். இரண்டும் தனித்தனியாகப் போதாது என்று ஆன பிறகுதான் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பாதியில் மாட்டிக்கொண்டாலும் இந்த முறை கைகொடுக்கும். கூற்று 1 போதும் என்பது உறுதி, கூற்று 2 சுத்தமாகப் புரியவில்லை என்றால்கூட ஐந்தில் ஒன்று என்ற குருட்டு யூகம், இரண்டில் ஒன்றாக மாறிவிடும். தப்பான விடைக்கு மார்க் குறைக்கும் டான்செட் மாதிரி தேர்வில் இது பெரிய விஷயம்.

இந்த ஐந்து இடங்களில்தான் வழுக்கும்

1. ‘ரெண்டும் வேணும்’ என்ற அவசரம்

பழக்கடையில் ஒரு வாழைப்பழம் 7 ரூபாய், ஒரு கொய்யா 11 ரூபாய். இரண்டு வகையிலும் வாங்கினீர்கள். வாழைப்பழம் எத்தனை?
கூற்று 1: மொத்தம் 50 ரூபாய் ஆனது.
கூற்று 2: மொத்தம் 6 பழங்கள்.

‘ரெண்டு தெரியாத எண், அப்போ ரெண்டு சமன்பாடு வேணும், சி’ என்று போட்டுவிடத் தோன்றும். பொறுங்கள். பழத்தைப் பாதியாக வெட்டித் தர மாட்டார்கள். முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டும். கொய்யா ஒன்று என்றால் மீதி 39 ரூபாய், 7-ஆல் வகுபடாது. இரண்டு என்றால் மீதி 28. நான்கு வாழைப்பழம் சரியாக வருகிறது. மூன்று என்றால் 17, நான்கு என்றால் 6. இரண்டுமே வராது. ஆக, கூற்று 1 மட்டுமே போதும். கூற்று 2 மட்டும் இருந்தால் போதாது. விடை: ஏ.

மனிதர்கள், பழங்கள், டிக்கெட்டுகள் என்று எண்ணக்கூடிய பொருள் வந்தால், ‘முழு எண்’ என்ற மூன்றாவது தகவல் சும்மா கிடைக்கிறது என்று நினைவில் வையுங்கள்.

2. ஒரே தகவல், இரண்டு வேஷம்

டீக்கடையில் ஒரு டீ எவ்வளவு?
கூற்று 1: 2 டீ, 3 வடை சேர்த்து 60 ரூபாய்.
கூற்று 2: 4 டீ, 6 வடை சேர்த்து 120 ரூபாய்.

இரண்டு சமன்பாடு இருக்கிறதே என்று சி போட்டால் மார்க் போச்சு. முதலாவதை இரட்டிப்பாக்கினால் இரண்டாவது. புதிதாக எதுவும் சொல்லவில்லை. டீ 15, வடை 10 என்றாலும் சரியாக வரும். டீயும் வடையும் தலா 12 என்றாலும் சரியாக வரும். விடை: இ.

3. ‘இல்லை’ என்பதும் பதில்தான்

திரும்பவும் நம் பஸ்ஸுக்கு வருவோம். கேள்வி: பஸ் இரவு 7 மணிக்கு முன் திருச்சி போய்ச் சேர்ந்ததா?
கூற்று 1: மாலை 4.30-க்கு மாட்டுத்தாவணியில் கிளம்பியது.
கூற்று 2: பயணத்துக்குக் குறைந்தது 3 மணி நேரம் ஆனது.

சேர்த்துப் பார்த்தால், சீக்கிரமே போனாலும் 7.30 ஆகிவிடும். எனவே பதில், ‘இல்லை, 7 மணிக்கு முன் போகவில்லை’. இங்கேதான் பலர் ‘இல்லை’ என்று வந்ததைப் பார்த்து ‘போதாது’ என்று இ-யைத் தொடுகிறார்கள். உறுதியான ‘இல்லை’ ஒரு முழுப் பதில். ‘இருக்கலாம், இல்லாமலும் போகலாம்’ என்று வந்தால்தான் போதாது. விடை: சி.

4. உங்களுக்குத் தெரிந்தது வினாத்தாளுக்குத் தெரியாது

மேலே உள்ள கேள்வியிலேயே இன்னொரு வழுக்கல் இருக்கிறது. மதுரைக்காரர்களுக்கு இது ஸ்பெஷல். கூற்று 1-ஐப் படித்ததுமே, ‘நாலரைக்கு எடுத்தா எத்தனை மணிக்குப் போகும்னு எனக்குத் தெரியாதா... வாராவாரம் போறேனே’ என்று தோன்றும். அந்த அனுபவத்தைக் கொண்டுபோகக் கூடாது. தாளில் எழுதியிருப்பதும், ஒரு வாரத்துக்கு ஏழு நாள் என்பது மாதிரி யாரும் மறுக்க முடியாததும் மட்டும்தான் தகவல். வழக்கமாக நடப்பது, நியாயமாகத் தோன்றுவது எதுவும் கணக்கில் சேராது. படம் கொடுத்திருந்தாலும் அப்படித்தான். செங்கோணம் மாதிரி தெரிந்தால் போதாது. செங்கோணம் என்று எழுதியிருக்க வேண்டும்.

5. 2, 3, 4-ஐ மட்டும் போட்டுப் பார்ப்பது

கேள்வி: ஓர் எண்ணின் வர்க்கம், அந்த எண்ணைவிடப் பெரியதா?
கூற்று 1: அந்த எண் 0-ஐவிடப் பெரியது.
கூற்று 2: அந்த எண் 1-ஐவிடப் பெரியது.

‘வர்க்கம்னா பெருசாத்தானே இருக்கும்’ என்று டி போடத் தோன்றும். கூற்று 1-க்கு 1/2 போட்டுப் பாருங்கள். வர்க்கம் 1/4, சின்னதாகிவிட்டது. 2 போட்டால் 4, பெரிதாகிவிட்டது. இரண்டு விதமாகவும் வருவதால் போதாது. கூற்று 2 இருந்தால் எப்போதும் பெரியதுதான். விடை: பி.

எண்களைப் போட்டுப் பார்க்கும்போது, கூற்று அனுமதிக்கிற வரை ஒரு பெரிய எண், ஒரு பின்னம், 0, 1, ஒரு மைனஸ் எண் என்று ஐந்தையும் ஓட்டிப் பாருங்கள். உங்கள் வேலை, அந்தக் கூற்றைக் கவிழ்க்க முடியுமா என்று பார்ப்பது. இரண்டு வேறு பதில்கள் கிடைத்தால் அது கவிழ்ந்துவிட்டது. அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

கூற்றுக்கு முன்னால் கேள்வி

நேராகக் கூற்றுக்குள் குதிக்காமல், ‘இதைச் சொல்ல எனக்கு உண்மையில் என்ன தெரியணும்?’ என்று கேள்வியை ஒரு நிமிடம்... வேண்டாம், பத்தே விநாடி யோசியுங்கள்.

உதாரணத்துக்கு, ஒரு வகுப்பில் மாணவர்களின் சராசரி மதிப்பெண் 60, மாணவிகளின் சராசரி 70. மொத்த வகுப்பின் சராசரி என்ன?
கூற்று 1: மாணவர்கள் 20 பேர், மாணவிகள் 30 பேர்.
கூற்று 2: மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் விகிதம் 2:3.

எத்தனை பேர் என்று தெரிந்தாக வேண்டும் என நினைத்தால் ஏ என்று விழுந்துவிடுவீர்கள். முன்கூட்டியே யோசித்திருந்தால், விகிதம் தெரிந்தாலே போதும் என்பது புரிந்திருக்கும். இரண்டு கூற்றும் அதையே தருகின்றன. விடை: டி. இரண்டிலும் சராசரி 66-தான் வரும்.

இதில் ஒரு செக்கிங்கும் இருக்கிறது. ஜிமேட்டில் இரண்டு கூற்றுகளும் ஒன்றுக்கொன்று முரண்படாது. ஒன்றில் 66, இன்னொன்றில் 64 என்று வந்தால், தப்பு கேள்வியில் இல்லை, நம் கணக்கில்.

தமிழ் மீடியத்தில் படித்தவரா?

கணக்கு நன்றாகத் தெரிந்தும், கேள்வியில் இருக்கும் ஒரு இங்கிலீஷ் வார்த்தையால் மார்க் போவது இந்தப் பகுதியில் சகஜம். வார்த்தைகள் கொஞ்சம்தான். ஒரு பேப்பரில் எழுதி ஒட்டிவையுங்கள்.

‘இன்டிஜர்’ என்றால் முழு எண்; மைனஸும் 0-வும் இதில் சேரும். ‘பாசிட்டிவ்’ என்றால் 0-ஐவிடப் பெரியது. 0 இதில் சேராது. ‘நான்-நெகட்டிவ்’ என்றால் 0-வும் சேரும். ‘ப்ரைம்’ என்றால் பகா எண்; 1 பகா எண் இல்லை, 2 மட்டுமே இரட்டைப்படை பகா எண். ‘கன்செக்யூட்டிவ்’ என்றால் அடுத்தடுத்து வரும் எண்கள். ‘டிஸ்டிங்ட்’ என்றால் ஒன்றுக்கொன்று வேறான எண்கள். ‘அட் லீஸ்ட்’ என்றால் குறைந்தது. அதற்கு மேலும் இருக்கலாம்.

கேள்வியில் ‘இன்டிஜர்’ என்று இல்லாவிட்டால், அது பின்னமாகவும் இருக்கலாம் என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தை இருப்பதும் இல்லாததும் விடையையே மாற்றிவிடும்.

எப்படிப் பயிற்சி எடுப்பது?

தினமும் பத்து கேள்வி போதும். ஆனால், ஒவ்வொன்றிலும் ஏன் ‘போதும்’, ஏன் ‘போதாது’ என்று ஒரு வரி எழுதுங்கள். ‘போதாது’ என்றால் அதைக் கவிழ்த்த இரண்டு எண்களை எழுதுங்கள். தப்பானவற்றை மேலே சொன்ன ஐந்து வழுக்கல்களில் எது என்று குறித்துவையுங்கள். பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் திரும்பத் திரும்ப வழுக்கும். அதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. முதல் வாரம் நேரம் பார்க்காதீர்கள். அடுத்த வாரத்தில் இருந்து மொபைலில் ஸ்டாப்வாட்ச் வையுங்கள்.

ஜிமேட்டின் அதிகாரபூர்வ தளத்தில் இரண்டு முழு மாதிரித் தேர்வுகளை இலவசமாகவே எழுதிப் பார்க்கலாம். டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் திரையிலேயே கால்குலேட்டர் இருக்கும். அதைக் கண்டதும் கணக்குப் போடக் கை துறுதுறுக்கும், உஷார். டான்செட்டில் கால்குலேட்டரே கிடையாது. வீட்டில் உட்கார்ந்து படிக்க முடியாத சூழல் என்றால், 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் நத்தம் ரோட்டில் இருக்கிறது.

இப்போ நீங்க சொல்லுங்க!

1. அக்காவின் வயது என்ன? கூற்று 1: 5 வருடத்துக்கு முன் அக்காவின் வயது, தம்பியின் வயதைப்போல் இரண்டு மடங்கு. கூற்று 2: அக்கா தம்பியைவிட 6 வயது பெரியவர்.

2. ஒரு முழு எண், இரட்டைப்படை எண்ணா? கூற்று 1: அதன் வர்க்கம் இரட்டைப்படை. கூற்று 2: அதோடு 3-ஐக் கூட்டினால் ஒற்றைப்படை.

3. ஒரு பஸ்ஸின் சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைவிட அதிகமா? கூற்று 1: பயண நேரம் இரண்டரை மணி. கூற்று 2: போன தூரம் 120 கிலோமீட்டருக்கு மேல்.

விடைகள்: முதலாவது சி. இரண்டாவது டி. மூன்றாவது இ. ஏனென்றால், இரண்டரை மணி நேரத்தில் 120 கிலோமீட்டர் என்றால் வேகம் 48. அதற்கு மேல் என்பது 49 ஆகவும் இருக்கலாம், 60 ஆகவும் இருக்கலாம்.

முதல் கேள்வியில் அக்காவுக்கு 17 வயது என்று கண்டுபிடித்துவிட்டீர்களா? விடை சரிதான். ஆனால், அதற்கு மார்க் கிடையாது. அடுத்த பத்து கேள்விகளில் அந்தக் கையை நிறுத்திப் பழகுங்கள். அடுத்த முறை மாட்டுத்தாவணியில் “இப்ப எடுத்துரலாம்” என்று சொல்லும்போது, இது எந்த ஆப்ஷன் என்று தானாகவே மனசுக்குள் ஓடும். ஓடினால், தேர்வுக்கு ரெடி!